முகம் சுளிக்காதவள்

ஜோவிதா சப்பாத்திக் கட்டையால் மாத்திரைகளைப் பொடித்துக்கொண்டிருந்தாள். பழைய காலண்டர் தாளை இரண்டாக மடித்து, நடுவில் ஆறு மாத்திரைகளைப் பரப்பி, மேலே கட்டையை உருட்டினால் எதுவும் சிதறாது. பொடி மைதா மாதிரி வர வேண்டும். குருணை நின்றால் புண்ணில் உறுத்தும். அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. உள்ளே சோறு இல்லை. பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாக வெட்டி மடித்து, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி ஆவியில் வைத்திருந்தாள். பக்கத்தில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அரியாங்குப்பத்தில் முருகையன் வீட்டுச் சமையலறையில் இரண்டு மாதமாக அவளுடைய காலை வேலை இதுதான். முருகையனுக்கு அறுபத்தொரு வயது. ஆலை மூடுகிற வரைக்கும் நூல் பிரிவில் இருந்தவர். மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். முப்பது வருஷமாகக் கன்னத்தில் புகையிலையை அடக்கிப் பழக்கம். வலது கன்னத்தில் புற்று வந்தது. வெட்டி எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், திரும்பவும் வந்தது. இந்த முறை கன்னம் வெளிப்பக்கமாக உடைந்துகொண்டது. இனி வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள்.

வலிக்கு மருந்து இருந்தது. நாற்றத்துக்குத்தான் அந்த வீடு தோற்றுப்போனது. உடைந்த புற்றின் நாற்றம் சாதாரண சீழ் நாற்றம் இல்லை. துணியில் ஏறும், சுவரில் ஏறும், பக்கத்து வீட்டுச் சோற்றில் ஏறும். அவருடைய மைத்துனர் ஒருநாள் விசாரிக்க வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசிவிட்டுப் போனார். அடுத்த நாள் முருகையன் தன் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு, கொல்லையில் சைக்கிளும் விறகும் கிடந்த தகரக் கொட்டகைக்குப் போய்விட்டார். அது ஆகி நாலு மாதம். அன்றிலிருந்து அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள ஜோவிதாவுக்கு முன்னால் மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் மறுநாள் வரவில்லை. ஜோவிதா வந்தாள், குனிந்தாள், ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் கட்டைப் பிரித்தாள். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, இரத்தம் வராமல் பழைய துணியை எடுத்தாள். நாற்றத்தை அடக்கும் மாத்திரைப் பொடியைத் தூவினாள். மூடினாள். அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. முருகையனின் மனைவி வசந்தா கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

பேச்சு பரவியது. டவுனில் உப்பளம் பகுதியில் ஜோவிதா இருக்கிற தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், கூட்டத்தை நடத்துகிற அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடை தருகிறார், அதை எடுத்து அடுத்தவருக்குச் செலவு செய்கிறவர்கள் சிலர்தான், நம்ம ஜோவிதாவுக்கு அருவருப்பு இல்லாத மனசைத் தந்திருக்கிறார் என்று. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோவிதா தலையைக் குனிந்துகொண்டாள். பணிவு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விஷயம் வேறு. ஜோவிதாவுக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதத்தில் அவளும் அவள் கணவன் அமலநாதனும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான், வரவில்லை. அவள் வீட்டிலேயே கிடந்து பிழைத்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து காப்பி போட்டாள். சுடுகிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. வந்துவிடும் என்றார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது, வரவில்லை. சாப்பாடு இப்போது அவளுக்குச் சூடு, உப்பு, மெது, கடினம் என்கிற நாலோடு சரி.

அதற்கு முன்பு இருபத்திரண்டு வருஷம் அவள் ஊதுபத்தி செய்கிற இடத்தில் வேலை பார்த்தவள். வாசனை எண்ணெயில் தோய்த்த கட்டுகளை மோந்து பார்த்து இது சரி, இது மறுபடி தோய்க்கணும் என்று ஒதுக்குவது அவள் வேலை. வெட்டிவேரா, சந்தனமா, எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். மூக்கு போன பிறகு அவர்கள் நல்லபடியாகவே பாக்கெட் கட்டுகிற பக்கம் மாற்றினார்கள். அவளே நின்றுவிட்டாள். மகள் மெரின் பெங்களூரிலிருந்து வந்து தன்னோடு இருக்கக் கூப்பிட்டாள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளுக்குக் காரணம் தெரியாது. புருஷன் செத்ததற்கு அவள் இன்னும் அழவும் இல்லை. அழுகை வரும் இடத்தில் மரத்துப்போன கால் மாதிரி ஒன்று இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதப் பயிற்சி தருகிறார்கள் என்று கோயில் அறிவிப்பில் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். நடத்தியவர் ஞானமேரி. நாற்பது வருஷம் வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார், கையால் தொடு, மூக்கால் மோந்து பார், புண் மூன்று வழியிலும் பேசும் என்பது முதல் வாரப் பாடம். மூக்கு இல்லை என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று ஜோவிதா சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்ல வேளை வரவில்லை. அன்பியத்தில் புகழ்ந்த பிறகு சொல்லவே முடியாமல் போனது.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அவள் வந்து சேரும் நேரம் பார்த்து வசந்தா தினமும் கொட்டகைத் தூணில் ஒரு வாழைப்பழத்தைக் கட்டி, அதில் இரண்டு ஊதுபத்தி செருகிக் கொளுத்துவாள். சாமிக்கு என்று ஜோவிதா நினைத்தாள். சாம்பல் விழுகிற விதத்தைப் பார்த்து, மட்ட ரகம், மரத்தூள் அதிகம் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அது ஜோவிதாவுக்காகக் கொளுத்தப்பட்டது. இத்தனை நாற்றத்தில் வந்து குனிகிற பெண்ணுக்கு நம்மால் ஆனது இதுவாவது என்பது வசந்தாவின் நினைப்பு.

முருகையனின் ஒரே மகள் கார்குழலி தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் சிலம்பரசன் அங்கே மோட்டார் காயில் கட்டுகிறவன். அவளுக்கு ஐந்தாம் மாதம். அம்மா வீட்டில் வைத்து, சொந்தக்காரப் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூ முடிப்பது என்று முடிவாயிற்று. பெரிய செலவில்லாத சின்னச் சடங்கு. சந்தனம் பூசி, பூ வைத்து, கலந்த சாதம் போட்டு அனுப்புவார்கள்.

அந்த வாரம் கட்டுப் பிரிக்கும்போது முருகையன் வாயின் இடது ஓரத்தால் மெதுவாகக் கேட்டார். சொல் குழைந்துதான் வரும். ஜோவிதாவுக்குப் பழகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம நான் உள்ள வரலாமா? ஓரமா உக்காந்துக்கறேன். பாத்துட்டு வந்துடறேன்."

அவர் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. வலிக்கு மருந்துகூட அவளே கேட்டுத்தான் கொடுப்பாள். அன்று அவள் சமையலறைக்குப் போய் வசந்தாவிடம், நோட்டில் குறித்துக்கொள்ளக் கேட்பது போல, நாற்றம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வசந்தா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், நீங்க வந்ததுலேர்ந்து ஒண்ணுமே இல்லம்மா, சுத்தமா போயிடுச்சு என்றாள். அந்தப் புண்ணில் கைவைக்கிறவளிடம் இன்னும் நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் வேலையைக் குறை சொன்னது போல ஆகாதா? நல்ல மனசோடு சொன்ன பொய் அது. ஜோவிதா நம்பினாள். நம்பாமல் சோதித்துப் பார்க்க அவளிடம் கருவி இல்லை.

திரும்பி வந்து முருகையனிடம் சொன்னாள்: "நாத்தம் போயிடுச்சு அண்ணா. தைரியமா உள்ள வாங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு அவள் அரியாங்குப்பம் பஸ் ஏறினாள். முருகையனுக்கு இடது பக்கம் சவரம் செய்துவிட்டாள். வெள்ளைச் சட்டை போட்டாள். புதுக் கட்டு. தோளிலிருந்து தாடையை மறைத்து ஒரு துண்டு. அவர் நாலு மாதத்துக்குப் பிறகு படி ஏறினார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டார். ஜோவிதா சமையலறை வாசலோடு நின்றுகொண்டாள். தாலி இழந்தவள் பூ முடிக்கிற இடத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாக நின்றாள்.

கூடத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் வெயிலுக்குச் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடியது. ஆறு பெண்களில் இரண்டு பேர் முந்தானையை எடுத்து வாயைத் துடைப்பது போல மூக்கில் வைத்ததை ஜோவிதா பார்த்தாள். வேர்வை என்று நினைத்தாள். கார்குழலி மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், தலையில் நாலு முழம் மல்லி. அவள் முகம் வெளுத்திருந்தது. மாசமாக இருக்கிறவள்தானே என்று விட்டாள். சடங்கு முடிந்ததும் பெரியவள் ஒருத்தி, அப்பா கால்ல விழுந்து எழுந்துக்க என்றாள்.

கார்குழலி எழுந்து வந்தாள், குனிந்தாள். முருகையன் விபூதியோடு கையைத் தூக்கினார். அவள் முகம் அவர் முழங்காலுக்கு வந்த இடத்தில் நின்றது. அடுத்த கணம் அவள் வாந்தி எடுத்தாள். அவர் காலடியில், அவர் வேட்டியில், பூத்தட்டில். எடுத்துக்கொண்டே எழுந்து வாசலுக்கு ஓடினாள். இரண்டு பெண்கள் அவள் பின்னால் போனார்கள். மீதிப் பேரும், அவளைப் பார்க்கப் போகிறவர்கள் போல, வெளியே போய் மூச்சு விட்டார்கள்.

முருகையன் கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே இருந்தார். பிறகு விபூதியைத் தட்டில் திருப்பிப் போட்டார். யாரையும் பிடிக்காமல் எழுந்து, படி இறங்கி, கொட்டகைக்குப் போய் உள்ளே கொண்டியைப் போட்டுக்கொண்டார்.

மதியம் வசந்தா கஞ்சி கொண்டுபோனாள். திறக்கவில்லை. வலி மாத்திரைக்கு ஜோவிதா தட்டினாள். திறக்கவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று மட்டும் சொன்னார்.

"போயிடுச்சுன்னு நீதான சொன்ன."

ஜோவிதா அங்கேயே நின்றாள். உள்ளே கட்டில் முனகியது. அவர் இன்றைக்குச் சாப்பிடவில்லை, மருந்து எடுக்கவில்லை. நாளைக்கும் எடுக்காவிட்டால் வலி தலைக்கு ஏறும். மூன்று நாள் கட்டு மாற்றாவிட்டால் ஈ உட்காரும். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்தும் பிரயோசனம் இருக்காது. இதையெல்லாம் அவள் பாடம் ஒப்பிப்பது போல நினைத்துப் பார்த்தாள். வருத்தம் என்று ஒன்று தனியாக வரவில்லை.

நாலு மணி பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பி, வீட்டுக்குப் போகாமல் நேரே ஞானமேரியிடம் போனாள். கோயில் வளாகத்தில் ஓர் அறையில் ஞானமேரி கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜோவிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சடங்கை முதலில் சொன்னாள், மூக்கைக் கடைசியில் சொன்னாள்.

ஞானமேரி பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணை மூடு என்றார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னாது இது?"

"தெரியல சிஸ்டர். சில்லுனு இருக்குது."

"பினாயில். எப்பலேர்ந்து இப்படி?"

"அவர் போனதுலேர்ந்து."

"பயிற்சியில புண்ணை மோந்து பாத்துச் சொல்லச் சொன்னேனே. கரெக்டா சொன்னியே."

"மத்தவங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்."

ஞானமேரி நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்கப் போகிறாரா திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை. திட்டத்தான் செய்தார். மூக்கு இல்லாததற்குத் திட்டவில்லை, மறைத்ததற்குத் திட்டினார். புண் உள்ளே அழுகினால் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னால் மூக்குக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் அந்த ஆள் உன்னை நம்பிக் கிடந்தார் என்றார். பிறகு திடீரென்று, பஸ்ஸில் வரும்போது உன் பக்கத்து சீட்டில் ஆள் உட்காருகிறதா என்று கேட்டார். ஜோவிதா யோசித்தாள். காலையில் உட்காருவார்கள். திரும்பும்போது அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும், எத்தனை கூட்டம் என்றாலும். அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

"உன் பொடவையில ஏறிக்கிட்டு வருது. இப்பவும் வருது. அங்கயே மாத்தி, கவர்ல போட்டு எடுத்துட்டு வா. யாரும் உன்கிட்ட சொல்ல மாட்டாங்க. நீதான் புண்ணியவதி ஆச்சே."

ஜோவிதா அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நான் நின்னுடட்டுமா சிஸ்டர்?"

"நின்னுட்டு? வேற யார அனுப்பட்டும்? மூக்கு உள்ளவ மூணு பேர அனுப்பினேன். மறுநாளே நின்னுட்டாளுங்க."

"இது கடவுள் குடுத்ததுன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணவே இல்ல. என் மூக்கு செத்துப்போச்சு, அவ்ளோதான். இதுல கொடை எங்க இருக்குது?"

ஞானமேரி கையுறைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அடுக்கிக்கொண்டேதான் சொன்னார்.

"குடுத்தாரா எடுத்தாரான்னு எனக்குத் தெரியாது. நான் வார்டுல இருந்தவ, சாமியாரா இருந்தவ இல்ல. அந்த மனுஷனுக்குப் பக்கத்துல மூஞ்சி சுளிக்காம உக்கார இந்த ஊர்ல ஒரே ஒருத்திதான் இருக்கா. அது உன்கிட்ட வந்து சேந்துடுச்சு. எப்படி வந்துதுன்னு ஆராய்ஞ்சிக்கினு இருந்தா அங்க கட்டு மாத்த யாரு போறது? மூக்கு இல்லன்னா மூக்கு உள்ளவளக் கூட வெச்சுக்க. பொய் சொல்லாத மூக்கா பாத்து வெச்சுக்க."

வசந்தாவுடைய மூக்கு ஆகாது, பாசத்தில் பொய் சொல்லும் என்றார். ஊதுபத்தியை முதலில் நிறுத்து, நாற்றத்தோடு வாசனை சேர்ந்தால் குமட்டல் இரண்டு மடங்கு என்றார். இது ஜோவிதாவுக்கே தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பார்த்த தொழில். ஒரு வேளைக் கட்டு இனி இரண்டு வேளை. அடுப்புக்கரியை நொறுக்கித் துணிப்பையில் தைத்து, புண்ணின் மேல் கட்டுக்குள் வை. காற்று ஓடவிடு. ஞானமேரி ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜோவிதா விரலை மடக்கிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்க் குளித்தாள். சேலையை ஊறவைத்தாள். ஜெபமாலையை எடுத்து உருட்டினாள். மணி நகர்ந்தது. வழக்கம் போல உள்ளே ஒன்றும் நகரவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் ஒன்றைக் கவனித்தாள். ஜெபம் பாதியில் நின்று, எந்தப் பழைய துணியில் கரிப்பை தைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நெருக்கமாக நெய்த துணி வேண்டும், கரித்தூள் கொட்டக்கூடாது. அமலநாதனின் வேலைச் சட்டைகள் இரண்டு அலமாரியில் இருந்தன. அவன் ஒரு லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். தடித்த காக்கிச் சட்டை. மூன்று வருஷமாக அவள் அதைத் தொடவில்லை. மெரின் கேட்டபோதும் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போது எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, ஆறு பை தைத்தாள். வெட்டும்போது என்ன இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தால், துணி கெட்டி, கத்தரிக்கோல் மழுங்கல் என்பதுதான் நினைவில் நின்றது.

மறுநாள் காலை ஆறே கால் மணிக்கு அவள் கொட்டகை வாசலில் இருந்தாள். வசந்தா தூணில் கொளுத்த வந்த ஊதுபத்தியை வாங்கித் தண்ணீரில் போட்டாள். கார்குழலி இரவு போகாமல் அங்கேயே தங்கியிருந்தாள். கொல்லைக் குழாயடியில் நின்று இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் சிலம்பரசன் பல் குச்சியோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

ஜோவிதா தகரத்தைத் தட்டினாள். தகரத்தின் மேலேயே பேசினாள்.

"அண்ணா, நான் பொய் சொல்லல. எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு செத்துப்போயி மூணு வருஷம் ஆவுது. கொரோனாவுல போச்சு. உங்க புண்ணு நாறுதா மணக்குதான்னு இது வரைக்கும் எனக்குத் தெரியாது. வசந்தாக்கா சொன்னத வெச்சு உங்ககிட்ட சொன்னேன்."

தூணருகில் வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே கட்டில் அசைந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கொண்டி விலகியது. முருகையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்றைய வெள்ளைச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. கன்னத்துக் கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது.

"அப்ப சகிச்சுக்கினு செய்யல?"

"இல்லண்ணா."

"சாமிக்கு நேந்துக்கினு...?"

"ஒண்ணும் இல்ல. மூக்கு இல்ல, அவ்ளோதான்."

அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து, இரத்தம் வருகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். இரத்தம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா கட்டுப் பிரிக்கிறப்பலாம் மூச்ச அடக்கிக்கினு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு கெடந்தேன். உன் மேல படக்கூடாதுன்னு. கழுத்து ஒரு பக்கமா புடிச்சுக்கிச்சு."

"அது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தா கழுத்த அமுக்கி விட்டிருப்பேன்."

"நீயும் சொல்லல, நானும் சொல்லல."

இனி முகத்தைத் திருப்ப வேண்டாம் என்றாள் அவள். முதலில் வலி மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் விட்டாள். அந்த நேரத்தில் குழாயடிக்குப் போனாள். கார்குழலி அழ ஆரம்பித்தாள். வேணும்னு பண்ணல ஆன்ட்டி, வயித்த பெரட்டிக்கினு வந்துடுச்சு, எங்கப்பா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது என்றாள். ஜோவிதா அழுகை முடிகிற வரைக்கும் நின்றாள். மாசமாக இருப்பவளுக்கு மூக்கு ஊசி மாதிரி இருக்கும், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, எனக்கு உன் மூக்கு வேணும் என்றாள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அப்பாவிடம் தினமும் கேட்கிறோம் இல்லையா, அதே மாதிரி நாற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று நீ சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் அப்பாவுக்குத்தான் கெடுதல். பக்கத்தில் வர வேண்டாம். எந்த இடத்தில் நிற்க முடிகிறதோ அங்கே நின்று சொல்.

கார்குழலி மூக்கைத் துடைத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து ஆறு அடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றாள். "ஒம்போது" என்றாள். அப்பா காதில் விழும்படியாகத்தான் சொன்னாள். முருகையன் உள்ளிருந்து தலையை ஆட்டினார்.

"அது நெசம்" என்றார்.

ஜோவிதா கட்டைப் பிரித்தாள். அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டார். அப்படி வைத்ததும்தான் கன்னத்தின் கீழ்ப்புறம் தாடையோரத்தில் ஒரு சின்னப் பொந்து இருப்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் சுவர்ப் பக்கம் மறைந்திருந்த இடம். அதற்குள்தான் அழுகல் தேங்கிக் கிடந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை எடுத்து, மெதுவாக, ஒன்பது தடவை கழுவினாள், தண்ணீர் தெளிவாக வரும் வரை. பொடியை உள்ளே வரைக்கும் தூவினாள். துணி வைத்து, காக்கிப் பையை வைத்து, மேலே இன்னொரு துணி கட்டினாள். பழைய துணிகளையும் படுக்கை விரிப்பையும் சுருட்டி வாளியில் போட்டு மூடி வெளியே அனுப்பினாள்.

"ஏழு" என்றாள் கார்குழலி, அதே இடத்திலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "ஆறுன்னு சொல்லலாம்" என்றாள். கொட்டகையின் மேற்குப் பக்கத் தகரத்தைக் கழற்றினால் காற்று ஓடும் என்று ஜோவிதா சொன்னதும் சிலம்பரசன் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தவனாக ஸ்பேனரை எடுத்து வந்தான். இரண்டு ஷீட்டுகளை இறக்கினான். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன.

"அஞ்சு."

வசந்தா ஓடி வந்து, அப்படின்னா உள்ள வந்துடுங்களேன், கூடத்துல ஜன்னல் ஓரமா கட்டில போட்டுடலாம் என்றாள். முருகையன் மகளைப் பார்த்தார். அவள் பொய் சொல்லவில்லை என்பதை அவள் நின்ற தூரத்தை வைத்தே அளந்துகொண்டார்.

"அஞ்சு மூணாவட்டும். அப்ப வர்றேன்."

யாரும் அவரைக் கெஞ்சவில்லை. ஜோவிதா கட்டிலைத் திருப்பிப் போட்டாள், காற்று அவர் மேலிருந்து வெளியே போகும்படி. அவருக்கு முன்னால், காற்று வருகிற பக்கத்தில், கார்குழலிக்கு ஒரு நாற்காலியைப் போடச் சொன்னாள். வசந்தா கஞ்சி கொண்டுவந்தாள். கரண்டியை வாயின் இடது ஓரத்தில் வைத்து, ஒவ்வொன்றாக, ஜோவிதா கொடுத்தாள். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போக நாற்பது நிமிஷம் ஆயிற்று. கார்குழலி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு முறை எழுந்து குழாயடிக்குப் போனாள். இரண்டு முறையும் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.